பிப்பிரானா

பிப்பிரானா என்பது எசுப்பானியாவின் தென்பகுதியான அந்தாலூசியாவில், குறிப்பாக ஹாயேன் மாகாணத்தில், கோடைக்காலத்தில் உண்ணப்படும் நறுக்கிய பச்சைக் காய்கறிக் கலவை ஆகும். தமிழகத்தின் கோசுமல்லியுடன் இதனை ஒப்பிடலாம். கோசுமல்லியில் ஊறவைத்த பாசிப்பருப்பும் எலுமிச்சைச் சாறும் தாளிப்பும் இடம்பெறும். இதில் வினிகரும் ஆலிவ் எண்ணெயும் சேரும்.

'''வரலாறு'''

தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1492க்குப் பின்னரே எசுப்பானியாவை அடைந்தன. வெள்ளரியின் தாயகம் இந்தியா ஆகும்.

'''தேவையான பொருட்கள்'''

* பழுத்த தக்காளி - 4
* வெள்ளரிக்காய், பச்சைக் குடைமிளகாய், வெங்காயம் - தலா 1
* அவித்த முட்டை - 2
* பூண்டு - 1 பல்
* ஆலிவ் எண்ணெய் - 4 மேசைக்கரண்டி
* வினிகர் - 1 மேசைக்கரண்டி
* உப்பு - தேவையான அளவு

'''செய்முறை'''

# பூண்டு, உப்பு, முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றை உரலில் நசுக்கி, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி விழுதாக்க வேண்டும்.
# காய்களைக் கழுவிப் பொடியாக நறுக்கி, விழுதும் வினிகரும் சேர்த்துக் கலக்க வேண்டும்.
# வெள்ளைக்கருவை நறுக்கி மேலே தூவ வேண்டும்.

உப்பு காய்களிலுள்ள நீரை வெளியேற்றும். அச்சாற்றை ரொட்டியால் தொட்டு உண்பர். நீண்ட நேரம் வைத்தால் காய்கள் துவண்டுவிடும் என்பதால் உடனே பரிமாறுவது நல்லது.

'''மாற்றுப் பொருட்கள்'''

ஹாயேன் ஆலிவ் எண்ணெய்க்குப் புகழ்பெற்றது. திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விழுப்புரம் வட்டாரமோ நிலக்கடலை விளையும் பகுதியாகும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இங்கு விலை மிகுந்த ஆலிவ் எண்ணெய்க்கு மாற்றாகச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைப் பயன்படுத்தலாம். சுவை மாறுபடுமாயினும் செய்முறை மாறாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இம்மாற்றைத் தவிர்க்க வேண்டும்.