கடையநல்லூருக்குப் பெரிய மனிதர் யார்?

வெளியூரில் "சொந்த ஊர் எது?" என்று கேட்பவரிடம் கடையநல்லூர் என்று சொன்னால், "குற்றாலம் பக்கமா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நாம் பேச்சை மாற்றிவிடுவோம். செங்கோட்டைக்காரருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. வாஞ்சிநாதன் ஊர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டயபுரத்துக்காரருக்குப் பாரதி இருக்கிறார். தென்காசிக்காரர் ஒன்றுமே சொல்ல வேண்டாம், கோபுரமே சொல்லிவிடும். நமக்கு யார் இருக்கிறார்கள்? முப்பத்தைந்து வருஷம் தபால் துறையில் பல ஊர்களில் வேலை பார்த்த எனக்கு இந்தக் கேள்வி பல தடவை வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது.

முதலில் அக்கம்பக்கத்துச் சொத்தை எண்ணிப் பார்ப்போம். மதுரை கைவிட்டுப்போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட தலைநகரம் தென்காசி. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். நம் வயதுக்காரர்கள் சிறுவயதில் பார்த்தது மொட்டைக் கோபுரம். எரிந்து, பிளந்து, வானம் தெரிய நின்றது. பஸ்ஸில் போகும்போது பெரியவர்கள் அதைக் காட்டி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்பது நிலையாக எழுப்பி 1990-இல் குடமுழுக்கு நடந்தபோதுதான் அது மறுபடி கோபுரமாயிற்று. அந்தத் திருப்பணியில் சிவந்தி ஆதித்தனாரின் பங்கு நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பாண்டியன் பாட்டாகவே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். பின்னால் இந்தக் கோயிலுக்குக் குறை ஏதும் வந்தால், அதைச் சரிசெய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கல்வெட்டு என்றாலே நான் வென்றேன், நான் கொடுத்தேன் என்றுதான் இருக்கும். இவனோ இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஆட்களுக்குக் கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். நம் வட்டாரத்து ராஜாக்களில் எனக்குப் பிடித்தவன் இவன்தான்.

அதே வம்சத்தில் வந்த அதிவீரராம பாண்டியன் 1564-இல் பட்டத்துக்கு வந்தவன். நைடதம் பாடியவன். வெற்றி வேற்கையும் அவன் எழுதியதே. நாம் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்தோமே, அதை எழுதியவர் பத்து மைலுக்குள் இருந்த ராஜா என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடி, அதற்குப் பரிசாக நிலம் பெற்றார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் வந்தது. வடக்கே சென்னிகுளத்தில் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் காவடிச் சிந்து பாடினார். 1891-இல் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. ரசிகமணி டி.கே.சி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், புகழ் பெற்றது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கூட்டிய வட்டத்தொட்டியால், கடைசிக் காலம் வாழ்ந்தது குற்றாலத்தில். 1954-இல் காலமானார். ராஜாஜிக்கும் கல்கிக்கும் நெருங்கிய நண்பர்.

இப்படி நாலு பக்கமும் ராஜாவும் கவிராயரும் ரசிகரும் இருக்க, நடுவில் நம் ஊர் சும்மா இருக்கிறதா? இல்லை.

'குறை ஒன்றும் இல்லை' பாட்டைக் கேட்காத காது தமிழ்நாட்டில் உண்டா? எழுதியவர் ராஜாஜி, பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மெட்டு அமைத்தவர் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். கடையநல்லூர் வெங்கடராமன். சிவரஞ்சனியில் ஆரம்பித்து, காபியில் நடந்து, சிந்துபைரவியில் போய் நிற்கும் அந்த ராகமாலிகை அவர் போட்டது. எம்.எஸ். பாடிய வேறு பல பாடல்களுக்கும் மெட்டமைத்தவர் அவரே.

சங்கீதக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொள்வார்கள். பல சமயம் சொந்தப் பெயர் போய் ஊர்ப் பெயரே நிற்கும். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி என்றால் ரசிகர்களுக்கு ஆள் ஞாபகம்தான் வரும், ஊர் ஞாபகம் வராது. அரியக்குடியையும் செம்மங்குடியையும் உலகத்துக்குத் தெரிய வைத்தவர்கள் அவர்கள். நம்மவர் மேடையில் முன்னால் உட்கார்ந்து பாடிப் பேர் வாங்கிய வித்துவான் அல்ல, பின்னால் இருந்து மெட்டுக் கட்டிக் கொடுத்தவர். அதனால் கடையநல்லூர் என்ற பெயர் இசைத்தட்டு உறையில் சின்ன எழுத்தில் நின்றுவிட்டது.

அந்த மெட்டில் என்ன விசேஷம் என்று சொல்ல எனக்குச் சங்கீத ஞானம் போதாது. ஆனால் ஒன்று தெரியும். பாட்டு முழுக்கக் குறை ஒன்றும் இல்லை என்று வார்த்தை சொல்கிறது, சிவரஞ்சனியோ தொண்டையை அடைக்கிறது. வார்த்தைக்கும் ராகத்துக்கும் நடுவில் உள்ள அந்த இழுபறியில்தான் கேட்பவர் கண் கலங்குகிறார். அதைக் கொண்டுவந்தது மெட்டுப் போட்டவரின் கை. ராஜாஜி எழுதிய வேறு எத்தனையோ இன்று நூலகத்தில் தூங்குகின்றன. இந்தப் பாட்டு மட்டும் ஆட்டோவிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்கிறது. நம் ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

ஆனால் இந்த ஒருவரோடு கணக்கை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. காரணம் நான் பார்த்த வேலை.

தபாலில் சேர்ந்த புதிதில் கொஞ்ச காலம் நம் வட்டாரத்திலேயே இருந்தேன். கடையநல்லூருக்கு வரும் பையைப் பிரித்தால் மெல்லிய நீலத் தாளில் விமானத் தபால்கள் கொத்தாக விழும். அனுப்பியவர் முகவரியில் சிங்கப்பூர், பினாங்கு. சிங்கப்பூர்க் கடிதங்களில் தஞ்சோங் பகார் என்ற பேட்டைப் பெயர் அடிக்கடி வரும். நான் பார்த்தே இராத அந்தப் பேட்டை, சங்கரன்கோவிலைவிட எனக்குப் பழக்கமாகிவிட்டது. "தம்பி, சிங்கப்பூர்க் கடுதாசி வந்திருக்கா?" என்று வாசலில் வயதான பெண்கள் நிற்பார்கள். இல்லை என்று சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும்.

இவர்கள் கதை தறியில் ஆரம்பிக்கிறது. கடையநல்லூர் நெசவாளர் ஊர். முஸ்லிம் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழித்தறி. விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருப்பார்கள், சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து நாடா ஓடும் சத்தம் வரும். தறியில் பிழைப்புக் குறைந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இவர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள்.

கப்பல் ஏறியது பெரிய செய்தியல்ல, தமிழ்நாட்டிலிருந்து பல ஊர்க்காரர்கள் ஏறியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆண் மட்டும் போவான், சம்பாதித்து அனுப்புவான், சில வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டுத் திரும்புவான். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் குடும்பத்தையும் கூட்டிப் போனார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் மற்ற இடங்களிலும் உடம்பால் உழைத்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஊரில் வாசற்படி தாண்ட யோசித்த பெண்கள், கடல் தாண்டிப் போய்ச் சீனரும் மலாய்க்காரரும் வாங்கும் சந்தையில் அரைத்த மிளகாய் விற்றார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பெண்டு பிள்ளைகளோடு போனதால் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. இதுதான் கதையின் முக்கிய இடம். 1941-இல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரைப் பார்த்து அரசியல் கட்சி என்று எண்ண வேண்டாம், ஊர்க்காரர்களின் நலச் சங்கம் அது. அடுத்த வருஷமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். மூன்றரை வருஷம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம். 1945-இல் அது முடிந்தது. 1946-இல் இவர்கள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள்! போர் முடிந்த மறு வருஷம், அரிசியே பங்கீட்டில் கிடைத்த நேரத்தில், கூலி வேலை செய்தவர்கள் காசு சேர்த்து நடத்திய பள்ளி.

அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரம் சமஸ்தானத்துப் புலவர், கடிகை முத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர், சீதக்காதி வள்ளலின் ஆதரவு பெற்றவர். கரிசல் மண்ணின் புலவர் பெயரைத் தஞ்சோங் பகாரில் கொண்டுபோய் வைத்தார்கள். தீனையும் தமிழையும் ஒரே பெயருக்குள் அடக்கும் அந்த யோசனை எந்தப் பண்டிதருக்கும் வந்ததல்ல. தறிக்குழியிலிருந்து எழுந்து போனவர்களுக்கு வந்தது.

பள்ளி வளர்ந்து 1960-இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைப் படிப்புத் தந்த பள்ளி அது. பிறகு காலம் மாறியது. வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது, பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், என் பிள்ளைகளை நானும் அப்படித்தான் அனுப்பினேன். மற்ற தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. உமறுப் புலவர் பள்ளி கடைசிவரை தாக்குப் பிடித்து 1982-இல் மூடியது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி நம் ஊர்க்காரர்கள் நடத்தியது.

பெயர் மட்டும் சாகவில்லை. அங்கே அரசாங்கம் தமிழ் கற்பிக்க ஏற்படுத்திய நிலையத்துக்கு உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் அது நடக்கிறது. நாலாம் தலைமுறைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மாலையில் அந்த வாசலுக்குள் போய்த் தமிழ் எழுதுகிறார்கள்.

அதனால் இப்போது யாராவது கடையநல்லூரில் பெரிய மனிதர் யார் என்று கேட்டால், வெங்கடராமன் பெயரை முதலில் சொல்கிறேன். அடுத்து இந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். ஆள் பெயர் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால் என்னிடம் இல்லை. அந்த நீலத் தாள்களில் பெயர்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்துவிட்டோம், வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அவை அடுப்புக்குப் போயிருக்கும்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களில், அப்படி ஒரு கடிதத்தையோ, அந்தப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்த ரசீதையோ, மசாலா அரைத்த பாட்டியின் போட்டோவையோ பெட்டியில் வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். தாத்தா எந்த வருஷம் கப்பல் ஏறினார், எந்தத் தெருவில் இருந்தார் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது.