கண்ணுள் புகுந்த புழு

கண்ணில் ஒரு தூசு விழுந்தாலே நாம் துடித்துப் போகிறோம். உயிருள்ள புழுவொன்று அங்கே குடியேறினால் என்னாவது? 1770ஆம் ஆண்டில், கரிபியக் கடலிலுள்ள சாந்தோ டொமிங்கோவில், மோன்ஜேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், அடிமைப் பெண்ணொருத்தியின் வெண்விழியில் ஒரு புழு ஊர்ந்து செல்வதைக் கண்டார். அதை எடுக்க அவர் செய்த முயற்சி கைகூடவில்லை. 1778இல் குயோ என்னும் கப்பல் வைத்தியர், அடிமைக் கப்பலொன்றில் ஒருவனது கண்ணிலிருந்து அத்தகைய புழுவை எடுத்துவிட்டார். வைத்தியர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. நோயாளிகளின் பெயர்களைத் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

அப்புழு மேல்தோலுக்கு அடியில் திரிவது, வெறுங்கண்ணுக்கும் தெரியும். விழியின் ஆழத்தில் தங்கும் புழுவின் கதை வேறு. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். அதன் துணைகொண்டு பெர்லின் நகரத்துக் கிரேஃபே, விழித்திரைக்கு அடியில் ஒரு நீர்ப்பையையும், அதனுள்ளிருந்து தலை நீட்டும் நாடாப்புழுவின் இளம்பருவத்தையும் கண்டார். வெளிச்சம் பட்டால் அது நெளியும்! 1855இல் கூஷன்மைஸ்டர், மரண தண்டனை பெற்ற கைதிக்கு இந்நீர்ப்பைகளை உணவில் கலந்து ஊட்டி, பின்னர் அவன் குடலில் நாடாப்புழுக்களைக் கண்டு, இரண்டும் ஒரே உயிர் என்று நிறுவினார். உண்மை வெளிப்பட்டது, ஆனால் அந்த வழியை நம்மால் மெச்ச முடியவில்லை.

பன்றி இறைச்சி உண்ணாதவர்க்கு இத்தொல்லை இல்லை என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. புழு உள்ளவரின் மலத்திலிருந்து வெளிப்படும் முட்டைகள், கழுவாத கீரையிலும் அசுத்த நீரிலும் சேர்ந்து வயிற்றுள் புகுந்தால் போதும்; இரத்தத்தோடு கலந்து கண்ணையும் மூளையையும் அடையும். ஊர் விட்டு ஊர் வந்து, கடைத்தெருவில் பச்சைக் காய்களை அப்படியே உண்ணும் நமக்கும் இது பொருந்தும்.

புழுவைக் கண்ணுக்குள்ளேயே கொன்றுவிடலாகாதா? ஆகாது. அது சாகும்போது வெளிப்படும் பொருள்கள் கடும் அழற்சியை உண்டாக்கிப் பார்வையையே மாய்க்கும். ஆகவே அதை வெளியே எடுத்தாக வேண்டும். ஆனால் விழியை அகலத் திறந்தால், உள்ளே நிறைந்திருக்கும் பளிங்குக் கூழ் வழிந்து விழியே குலைந்துவிடும். நூறாண்டுக்கு மேலாக வைத்தியர்கள் இந்த இக்கட்டில் தவித்தனர்.

வழி பிறந்தது 1970இல். அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாகமர், விழியை மூடியவாறே வைத்து, கருமணிக்குச் சற்று அப்பால் ஒரு சிறு துளையிட்டு, கூழை நறுக்கி உறிஞ்சும் கருவியைச் செலுத்தினார். பின்னர் துளைகள் மூன்றாயின: ஒன்று நீர் பாய்ச்ச, ஒன்று விளக்குக்கு, ஒன்று வெட்டுங் கருவிக்கு. அப்போது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் அளவிலிருந்த துளை, 2002 அளவில் 0.5 மில்லிமீட்டராகச் சுருங்கியது. பெரும்பாலும் தையலும் வேண்டியதில்லை. அவ்வழியே சென்று, தேவைப்படின் விழித்திரையில் சிறு திறப்பு செய்து, நீர்ப்பையை விடுவித்து, கருவியாலேயே உறிஞ்சிக் கழுவி அகற்றிவிடுகின்றனர்.

பார்வை எவ்வளவு மீளும் என்பது புழு எங்கே தங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. விழித்திரையின் நடுவிடத்தைக் கெடுத்திருந்தால், புழு அகன்ற பின்னரும் முழுப் பார்வை திரும்புவது அரிது. மூளையில் நீர்ப்பை உள்ளவர்க்குப் புழுக்கொல்லி மருந்து கொடுக்குமுன், கண்ணின் உட்புறத்தையும் வைத்தியர் சோதித்துக்கொள்வது இதனால்தான்.