சிந்தனைக்கு ஒரு விலை

பாபிலோனிய மன்னன் ஹம்முராபி கி.மு. 18ஆம் நூற்றாண்டில் வகுத்த சட்டக்கோவையில் வைத்தியக் கட்டணம் பற்றிய விதிகள் உள. வெண்கலக் கத்திகொண்டு உயிரையோ கண்ணையோ காத்த வைத்தியன் உயர்குடியினனிடம் 10 ஷெக்கல் வெள்ளியும், எளிய குடியினனிடம் 5 ஷெக்கலும், அடிமையின் உடைமையாளனிடம் 2 ஷெக்கலும் பெறலாம். நோயாளியின் குலநிலையே ஈண்டு கட்டணத்தை நிர்ணயித்தது. பிறிதொன்றும் நோக்கற்பாலது: கூலி கத்தியைப் பிடித்த கைக்கே. கத்தியை எடுப்பதா விடுப்பதா எனத் தேர்ந்த மனத்துக்கு அவ்விதிகளில் இடமில்லை.

மனத்தின் உழைப்பைக் கணக்கிலெடுக்கும் முயற்சி, நெடுங்காலத்தின் பின்னர், அமெரிக்க ஐக்கிய நாட்டிலே விரிவாக நிகழ்ந்தது. முதியோருக்கான மெடிக்கெயார் என்னும் அரச காப்புறுதித் திட்டம் அங்கு 1965இல் சட்டமாயிற்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் மருத்துவச் செயல்களுக்கான குறியீட்டு நூலை 1966இல் முதன்முதலாக வெளியிட்டது. எனினும் அரசு வழங்கிய தொகை, மருத்துவர் வழமையாக அறவிட்டதையும் அப்பகுதியில் நிலவிய கட்டணத்தையுமே தழுவியிருந்தது. இதனால் சத்திரசிகிச்சையாளரின் உயர்ந்த கட்டணம் நிலைபெற்றது. நோயாளியிடம் வினவி, ஆராய்ந்து, ஆலோசனை கூறுவோர் பின்தங்கினர். ஒரு சந்திப்புக் ‘குறுகியது’, ‘இடைத்தரமானது’, ‘விரிவானது’ என்றவாறு வகுக்கப்பட்டதாயினும், ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறதென்பதற்குத் தெளிவான அளவுகோல் இருக்கவில்லை.

இக்குறையை எதிர்கொண்டவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் வில்லியம் சியாவ். 1988இல் வெளியான அவர்தம் குழுவினரின் ஆய்வு, மருத்துவரின் உழைப்பை நேரம், மனமுயற்சியும் மதிப்பீடும், தொழில்நுட்பத் திறனும் உடல் முயற்சியும், உளநெருக்கடி எனப் பிரித்து அளந்தது. சத்திரசிகிச்சையோடு ஒப்பிடுமிடத்துச் சிந்தனைசார் பணி குறைவாகவே மதிக்கப்பட்டமை அதனாற் புலனாயிற்று. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1992 ஜனவரி முதல் மெடிக்கெயார் இம்முறையைத் தழுவியது. நோயாளிச் சந்திப்புக்கான புதிய குறியீடுகளும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தன. நோய் வரலாறு, உடற்பரிசோதனை, மருத்துவத் தீர்மானம் என்னும் மூன்றுமே அவற்றின் தலையாய அளவைகள்.

நோக்கம் நன்று, விளைந்ததோ வேறு. 1995, 1997 ஆகிய ஆண்டுகளின் ஆவண விதிகள் எண்ணத்தக்கவற்றை எண்ணின. 14 உடற்றொகுதிகளுள் 10 பற்றியேனும் வினவினாலே முழுமையான வினவல் ஆகும். பரிசோதனைக்கும் இவ்வாறே பட்டியல்கள் இருந்தன. முன்னரே வந்துசெல்லும் நோயாளியைப் பொறுத்தவரை மூன்று அளவைகளுள் இரண்டு போதும். ஆகவே, விதியின் எழுத்தளவில், வரலாறும் பரிசோதனையும் நீண்டால் தீர்மானம் எளிதாயினும் உயர்படியை எட்டலாம். சிந்தனைக்கென வகுத்த விலை எழுத்துக்குச் சென்றது! வேண்டப்படாத வரிகளால் நோயாளர் பதிவேடுகள் பெருத்தன. அடுத்து அந்நோயாளியைக் காணும் மருத்துவர், தமக்கு வேண்டிய ஒரு வரியை அக்குவியலிலே தேடவேண்டியவரானார்.

வெளிநோயாளர் சந்திப்பைப் பொறுத்தவரை இது 2021இல் மாறியது. வரலாறும் பரிசோதனையும் தேவைக்கேற்ப நிகழ்ந்தாற் போதும், அவை எண்ணப்படுவதில்லை. படியை நிர்ணயிப்பது மருத்துவத் தீர்மானம், அல்லது அன்றைய தினம் செலவிட்ட மொத்த நேரம். நேரடியானது, தாழ்ந்தது, இடைத்தரமானது, உயர்ந்தது எனத் தீர்மானம் நான்கு படிகளாயிற்று. நோய்ப்பிரச்சினைகளின் சிக்கல், ஆராயப்பட்ட தரவுகள், சிகிச்சை முறையின் ஆபத்து ஆகிய மூன்றில் இரண்டு ஒரு படியை எட்டுதல் வேண்டும். கட்டுப்பாட்டிலுள்ள நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உடைய ஒருவருக்கு மருந்தை ஆராய்ந்து எழுதினால் அஃது இடைத்தரம்.

இவ்விதிகளுள் இரண்டு தனித்துக் கருதத்தக்கன. ஆராய்ந்தபின் கைவிடப்பட்ட சிகிச்சையும் ஆபத்துக் கணக்கிற் சேரும். கத்தியை எடாது விடுத்த தீர்ப்புக்கும் மதிப்புண்டு. வறுமை முதலான சமூக நிலைகள் நோயறிதலையோ சிகிச்சையையோ கணிசமாகத் தடுக்குமாயின், அதுவே இடைத்தர ஆபத்தாகக் கொள்ளப்படும். பாபிலோனில் கட்டணத்தைக் குறைத்த எளிமை இங்கு மருத்துவரின் சிந்தனைச் சுமையாக ஏற்கப்படுகிறது. நோயாளி செலுத்தும் பங்கும் அதனால் உயரக்கூடுமென்பது வேறு சங்கடம்.

2023இல் இம்முறை மருத்துவமனை விடுதிகளுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் விரிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில், பலரையும் ஒருங்கே கவனிக்க நேர்தலால், நேரத்தைக் கொண்டு படியை நிர்ணயிக்க இயலாது. அங்கு தீர்மானம் ஒன்றே அளவை.