குன்றைக் கரைத்த நகரமும் மழையை ஏந்திய கையும்

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலே, எலியற் விரிகுடாவை அண்டிக் கிடக்கும் சியாற்றில் நகரத்தில், 1908ஆம் ஆண்டிற்கும் 1911ஆம் ஆண்டிற்கும் இடையில் ஒரு குன்றின் மேற்குப் பாதி நீரினாற் கரைக்கப்பட்டுக் கடலில் விடப்பட்டது. டெனி குன்று என்பது அதன் பெயர். கலிபோர்னியாவின் பொன் தேடிகள் மலைச்சரிவுகளை அரித்தெடுக்கக் கையாண்ட அதே முறையைப் பின்பற்றி, உயர் அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி, மண்ணைச் சேறாக்கி, விரிகுடாவுக்குள் இறக்கினர். சிலவிடங்களில் நிலமட்டம் 100 அடிக்கு மேல் தாழ்ந்தது. 1892 முதல் 1911 வரை நகரப் பொறியியலாளராயிருந்த ஆர். எச். தொம்சனின் கண்ணுக்கு, குன்று வாணிபத்திற்கு இடையூறு, அவ்வளவே. செலவின் பெரும்பங்கு காணிக்காரர் தலையிற் சுமத்தப்பட்டது. உடன்படாத சிலருடைய வீடுகள், சுற்றிலுமிருந்த மண் அகற்றப்பட்டபின் தனி மண்தூண்களின் உச்சியிலே தொங்கி நின்றதை அக்காலப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

மேடு சமமானால் வணிக மாளிகைகள் தாமாகவே எழும் என்று கணக்குப் பார்த்தவர்கள் ஏமாந்தனர். குன்றின் கிழக்குப் பாதி 1930இல் வெட்டி முடிக்கப்பட்டபோது உலகப் பொருளாதார மந்தம் வாசலில் வந்து நின்றது. மாளிகைக்கென ஒழுங்கு செய்யப்பட்ட நிலத்திலும் அதன் அயலிலும் மலிந்த வாடகை அறைகளும் பட்டறைகளும் தொழிற்சங்க மண்டபங்களுமே நிலைத்தன. பெல்ரவுண் என வழங்கும் அப்பகுதி துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்பாயிற்று. 1919 பெப்ரவரியில் ஏறத்தாழ 65,000 தொழிலாளர் பங்குபற்றிய பொது வேலைநிறுத்தத்தைக் கண்ட நகரம் இது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மழை. குன்றின் கதையை முன்வைத்ததற்குக் காரணம், நீரைப்பற்றி அந்நகரத்தின் ஆளும் பகுதியினர் கொண்டிருந்த மனப்பாங்கை அது நன்கு புலப்படுத்துகின்றது என்பதே. நீர் ஒரு கருவி. வேலை முடிந்ததும் அது கழிவு. வானத்திலிருந்து வரும் நீரும் இவ்விதிக்கு விலக்கன்று. நகரின் பழைய பகுதிகளில் வீட்டுக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுமாறு நிலத்தடி அமைப்பு இடப்பட்டது. பெருமழை வந்தாற் குழாய் கொள்ளாது. கொள்ளாதது மலசல நீரோடு கலந்து விரிகுடாவிலும் ஏரியிலும் சிந்தும்.

சியாற்றிலை மழைநகரம் என்பர். ஆண்டு முழுவதும் அங்கு பெய்வது 38 அங்குலமளவே. நியூயோர்க்கில் இதனிலும் கூடுதலாகப் பெய்கின்றது. சியாற்றில் மழையோ தூறலாக, குளிர்கால மாதங்கள் எங்கும் பரந்து விழுவது. ஆதலால் வானத்தின்மீது பழிபோட இடமில்லை. காட்டு மண் குடித்த மழையைக் கூரையும் கொங்கிறீற்றும் தாரும் குடிக்கமாட்டா. கொடையாக வந்ததைக் குப்பையாக்கியது நகரத்தைக் கட்டிய முறையே.

இந்த இடத்திலேதான் கலை உள்ளே வருகின்றது. 1973இல் சியாற்றில் மாநகரம் பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டுமென விதி செய்தது. முற்றத்திலே ஒரு வெண்கலச் சிலையை நிறுத்திவிட்டு ஒதுங்கும் வழக்கத்துக்கு அப்பால், கலைஞரை வடிகால்களுக்கும் அணைகளுக்கும் அருகே அழைத்துச் செல்லும் வழக்கமொன்று அச்சூழலில் வளர்ந்தது. அயலிலுள்ள கெண்ட் பட்டினத்தில், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராயிருந்த ஹேபேட் பேயர், 1982இல் ஒரு வெள்ளத்தடுப்பு அணையையே கலைப்படைப்பாக அமைத்தார். புல் போர்த்த வட்டங்களும் கூம்புகளும் மேடுகளுமாக மக்கள் உலாவும் பூங்கா அது. வெள்ளம் வந்தால் நீரைத் தேக்கி மெல்ல விடும் குளமாகிவிடும். (பௌஹவுஸ் என்றதும் நம்மவர் முகம் மலர்வதுண்டு. இதே பேயர் 1936இல் நாசி அரசின் பேர்லின் கண்காட்சிக்கு விளம்பர ஏடு வடிவமைத்தவர். 1938இலேதான் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கலைஞனின் கைத்திறன் அவனது அரசியலுக்கு உத்தரவாதமன்று.)

அதே வட்டாரத்தில், கைவிடப்பட்ட கிறவல் குழியொன்றை 1979இல் படிகளாகச் செதுக்கிய சிற்பி றொபேட் மொறிஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொழில் நிறுவனங்கள் நிலத்தைச் சிதைத்துவிட்டுப் போனபின், அப்புண்ணை அழகாக மூடிக் கொடுப்பதற்குக் கலைஞன் கூலிக்கு அமர்த்தப்படலாம். அவ்வாறு மூடக்கூடும் என்ற நிலையே மேலும் சிதைப்பதற்குத் துணிவு கொடுக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தாமே அத்தகைய பணியொன்றை ஏற்றுச் செய்துகொண்டு அவர் இதைக் கூறியதால் அச்சொல்லுக்குக் கனம் மிகுதி.

பெல்ரவுணுக்குத் திரும்புவோம். 1942இல் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்த பஸ்ரர் சிம்சன் என்ற கலைஞர் 1970களில் இப்பகுதியிலே தங்கி வேலை செய்தார். தெருவோர மரக்கன்றுகளுக்குப் பழைய ஊன்றுகோல்களை முட்டுக்கொடுத்தார். 1978இல் ஒரு கட்டடத்தின் பீலியிலிருந்து இறங்கும் குழாயை ஆங்காங்கே திறந்து, அதனுள் செடிகளை வளரவிட்டார். கூரைநீர் நேரே நிலத்தடிக் குழாய்க்குப் போகுமுன் வேர்களைத் தொட்டுச் சென்றது. காற்றிலும் நீரிலும் என்ன கலந்துள்ளது என்பதற்குச் செடியின் வாட்டமே சாட்சியாயிற்று. பின்னர் அமில மழையாற் கெட்ட ஹட்சன் ஆற்றின் தலைப்பகுதியிலே சுண்ணக்கல் வட்டுகளை இட்டார். வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை விழுங்குவது போல ஆறு அவற்றைக் கரைத்துக்கொண்டது. நகைச்சுவைதான், என்றாலும் நோயாளி யார், நோயைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி அதனுள் ஒளிந்திருந்தது.

1990களில் பெல்ரவுண் வாசிகளும் கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் கூடி, வைன் வீதியின் 8 வட்டாரங்களிலும் விழும் மழையைக் கடல்வரை வெளிப்படையாக நடத்திச் செல்லும் திட்டமொன்றை வரைந்தனர். அதன் முகமாக அமைந்தது சிம்சன் 2003இல் நிறுவிய மழைநீர்த் தாங்கி. 10 அடி உயரமான நீலநிற உலோக உருளை, கட்டடத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கின்றது. அதன் உச்சியில் விரல்கள். சுட்டுவிரல் நீண்டு கூரையிலிருந்து வரும் குழாயைத் தொடுகின்றது. மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை அது நினைவூட்டுகின்றது. இங்கே கை நீட்டிப் பெறுவது தெய்வத்தின் தீண்டலை அன்று, தகரப் பீலியின் நீரை. தாங்கி நிரம்பியதும் எஞ்சிய நீர் வீதியோரச் செடித் தொட்டிகளில் இறங்குகின்றது. சற்றுக் கீழே, படிப்படியாய் அமைந்த தொட்டிகளில் நீர் வழிந்து செல்லும் படிக்கட்டு. அதன் அருகே 1995இல் அயலவர் உருவாக்கிய பொதுத் தோட்டமும், 1916இல் துறைமுகத் தொழிலாளருக்கென எழுந்த மூன்று சிறு வீடுகளும் உள்ளன. அவ்வீடுகள் இடிக்கப்படாமல் நிற்பதற்கு அயலவரின் போராட்டமே காரணம்.

நண்பர் சிலர் கேட்கலாம்: ஒரு கூரையின் நீரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? அளவைக் கொண்டு பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. அதைவிடக் கடுமையான கேள்வியும் உண்டு. அக்காலத்திலேயே பெல்ரவுணில் வாடகை ஏறியது, அடுக்குமாடிகள் எழுந்தன, மலிந்த அறைகளில் வாழ்ந்தோர் பலர் அகன்றனர். பசுமையான வீதி காணிவிலையை உயர்த்தும் என்பதை வீடு விற்போர் நன்கறிவர். மொறிஸின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். பொதுத் தோட்டமும் தொழிலாளர் வீடுகளும் அருகில் இல்லாதிருப்பின், அந்த நீலத் தாங்கி வசதியுள்ளோர் வாசலின் ஆபரணமாக மட்டும் எஞ்சியிருக்கும் என்றே யான் கருதுகின்றேன்.

ஆயினும் அக்கை ஒன்றைச் சாதித்தது. மறைந்து ஓடியதை அது கண்முன் நிறுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தின் 1917ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தின்படி நீர் பொதுமக்களுக்குரியது. எடுத்துப் பயன்படுத்த அனுமதி வேண்டும். கூரைநீரைச் சேமிக்கவும் அவ்வனுமதி வேண்டுமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. வேண்டியதில்லை என்று மாநிலச் சூழலியல் திணைக்களம் 2009இலேதான் விளக்கம் அளித்தது. மழையைக் குழாயிலிட்டுக் கடலில் எறிவதற்கு எவரும் உரிமை கேட்கவில்லை. அதை ஏந்துவதற்கே உரிமை ஐயத்துக்குரியதாயிருந்தது!

2013இல், கழிவுநீர் வழிந்தோடுவதைக் கட்டுப்படுத்த மாநகரமும் கிங் மாவட்டமும் நடுவண் அரசுடன் நீதிமன்ற வாயிலாக உடன்பட்டன. கழிவு கலவாத தெருநீரும் தீதே என்பதை மீன்கள் காட்டின. முட்டையிட நகர ஓடைகளுக்கு ஏறிவரும் கோஹோ சல்மன் மீன்கள் மழைக்குப்பின் செத்து மிதந்தன. ரயர் றப்பரிற் சேர்க்கப்படும் ஒரு பொருள் காற்றுப்பட்டு மாறித் தெருநீரிற் கலந்து அவற்றைக் கொல்வதாக 2020இல் அப்பகுதி ஆய்வாளர் கண்டறிந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொன்றும் தெரியவந்திருந்தது: அதே தெருநீரை மணலும் மக்கும் மரப்பட்டையும் கலந்த மண்படுகையினூடாக வடித்துவிட்டபோது மீன்கள் பிழைத்தன. வைன் வீதியின் 8 வட்டாரங்களுக்கும் வரைந்த திட்டத்தில் நிறைவேறியது சிறு பகுதியே.