டாக்காவிலிருந்து பாலாறு வரை: ஆங்கில வாசிப்பும் சுற்றுச்சூழலும் சேர்ந்த வரலாறு

1920-களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். ஐந்தாறு ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டுப் பாதியில் பள்ளியை விட்டு நிற்கும் வங்காளச் சிறுவனுக்கு அந்தப் படிப்பால் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. பேசவும் வராது, எழுதவும் வராது, ஒரு புத்தகத்தைத் தானே படிக்கவும் தெரியாது. வங்காளத்தின் இருமொழிச் சூழல் பற்றி 1926-இல் வெளியான நூலில் அவர் தந்த விடை நேரடியானது: முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். படிப்பு எந்த வகுப்பில் நின்றாலும் வாசிப்பு கையோடு வரும்.

எதை வாசிப்பது என்பது அடுத்த கேள்வி. வெஸ்டின் உழைப்பில் பெரும்பகுதி சொற்களை எண்ணி, தேர்ந்து, பாடத்துக்குப் பாடம் அளந்து கொடுப்பதில் சென்றது. 1953-இல் வந்த அவருடைய பொதுச் சொற்பட்டியலை உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல் எழுதியோர் பின்பற்றினார்கள். பாடத்தின் பொருள் மாணவன் வாழும் ஊரையும் நிலத்தையும் தொடுகிறதா என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. டாஃபடில் பூவைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அதைப் பற்றிய கவிதையை மனப்பாடம் செய்ததும் இதே பள்ளிகளில்தான்.

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் முறைக்கு மாறியது. 1960-ஐ ஒட்டி ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி இங்கே நடந்தது. வகுப்பறையில் வாய்ப்பயிற்சி பெருகியது. வாசிப்பு பின்னுக்குப் போனது.

அந்த முறையைக் கேள்விக்கு உட்படுத்தியவர் மொழிக்கல்வியாளர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை மொழிக்கல்வி வரலாற்றில் பெங்களூர்த் திட்டம் எனப்படுகிறது. இலக்கணத்தை முன்வைக்காமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். எந்த ரயிலில் ஏறினால் மாலைக்குள் ஊர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடும் மாணவன் அந்த விடைக்காகவே வாசிக்கிறான். வாசிப்புக்கு ஒரு தேவை பிறந்துவிடுகிறது.

அதே 1979-இல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கே முக்கியமானது. இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இரண்டு கடிதங்களைக் கொடுத்தார்கள்; ஒன்று இந்தியத் திருமணம் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணம் பற்றியது. இரு தரப்பினரும் தம் நாட்டுத் திருமணத்தை வேகமாக வாசித்தார்கள், அதிகமாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்ற செய்தி அவர்கள் மரபில் பெருமைக்குரியது. இந்திய வாசகர் ஒருவரோ உடை பழசு, காலத்துக்கு ஒவ்வாதது என்று புரிந்துகொண்டார். அவருக்கு ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த வாழ்க்கையைப் பற்றிய முன்னறிவுதான் இல்லை. வாசிப்பில் பாதி வேலையை, வாசகர் ஏற்கெனவே அறிந்திருப்பது செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் ஆங்கில வகுப்புக்கு வந்த வழி வேறு. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு கூடியது. 1977 அக்டோபரில் திபிலிசியில் கூடிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி எல்லாத் துறைகளையும் தழுவியதாக இருக்க வேண்டும் என்றது. இந்தியாவின் 1986 தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றது. பிறகு நீதிமன்றம் தலையிட்டது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சொன்னது நடக்காததால் 2003 டிசம்பரில் என்சிஇஆர்டி பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும் என்று மீண்டும் ஆணையிட்டது.

இதற்கிடையே, 1990-களின் முதற்பாதியில் சிபிஎஸ்இ தன் ஆங்கிலப் பாடத்தைத் தலைகீழாக மாற்றியிருந்தது. புதிய நூல்களின் அலகுகள் உடல்நலம், கல்வி, அறிவியல் என்று பொருள்வாரியாக அமைந்தன. சுற்றுச்சூழலும் ஓர் அலகானது. தேர்வில், மாணவர் முன்பு பார்த்திராத பத்திக்குத் தனி மதிப்பெண் கிடைத்தது. பொருளும் வாசிப்புத் திறனும் ஒரே திட்டத்தில் சேர்ந்து நின்ற முதல் பெரிய இந்திய முயற்சிகளில் இது ஒன்று. இதற்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை.

2005 தேசியக் கலைத்திட்ட வரைவுக்குப் பின் வந்த பாடநூல்களில் இந்தப் போக்கு வலுத்தது. பதினொன்றாம் வகுப்பு நூலில், வழக்கறிஞர் நானி பல்கிவாலா 1994-இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதிய கட்டுரை இருக்கிறது. நோயுற்ற பூமியைப் பற்றியது. மீன்வளம், காடு, புல்வெளி, விளைநிலம் என நான்கு ஆதாரங்கள் தேய்வதை அது காரணம் காட்டி நிறுவுகிறது. வாசிப்புப் பயிற்சிக்கு அருமையான பொருள். உலக மக்கள்தொகையை அது 570 கோடி என்கிறது. 2022 நவம்பரில் அந்த எண் 800 கோடியைத் தொட்டது. கட்டுரையின் எந்த வாதம் இன்னும் நிற்கிறது, எந்த எண் பழையது என்று மாணவர்களைத் தேடச் சொன்னால் மேலோட்ட வாசிப்பு, தகவல் தேடும் வாசிப்பு, எடைபோடும் வாசிப்பு மூன்றும் ஒரே பாடவேளையில் நடக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பின் துணைநூலில் வந்த கல்கியின் புலிராஜா கதை இன்னும் நுட்பமான வாய்ப்பு. நூறு புலிகளைக் கொல்லச் சபதமேற்ற ராஜா, எழுபதை முடித்ததும் தன் நாட்டில் புலியே கிடைக்காமல் திண்டாடுகிறார். புலிகள் மிகுந்த சமஸ்தானத்தில் பெண்ணெடுக்கிறார். பத்தே ஆண்டுகளில் ஒரு காட்டின் புலியினம் அடியோடு அழிந்த செய்தியைக் கல்கி சிரிப்புக்குள் வைத்திருக்கிறார். வரிகளுக்கிடையே படித்து அதை எடுப்பதுதான் மாணவர் கற்க வேண்டிய ஊகத்திறன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நையாண்டியின் தொனி வீட்டிலேயே பழகியது என்பதால் ஆங்கிலத்தின் கடினம் பாதி குறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு நூலில் சர் சி. வி. ராமனின் தண்ணீர் கட்டுரை உண்டு. தென்னிந்திய ஏரிகள் பராமரிப்பின்றிக் கிடப்பதையும், மழைநீர் மண்ணை அரித்து வண்டலாகச் சுமந்து வருவதையும் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அந்த அறிவியலாளர் தெளிந்த உரைநடையில் சொல்கிறார். வண்டலும் கலங்கலும் கிராமத்துப் பிள்ளைக்குப் புதிதல்ல. எது எதனால் நிகழ்கிறது என்ற சங்கிலியை அந்தப் பிள்ளையால் தன் ஊர் ஏரியை மனத்தில் வைத்தே பிடிக்க முடியும். ஆனால் பாட முடிவிலுள்ள கேள்விகளே தேர்விலும் வரும் என்றானதும் கைடும் நோட்ஸும் முந்திக்கொள்கின்றன. விடைகள் மனப்பாடமாகின்றன, கட்டுரை வாசிக்கப்படாமலே போகிறது. நல்ல பாடத்தை இப்படி வீணாக்குவது மனத்தை வருத்துகிறது.

1990-இல் மொழியியலாளர் ஹாலிடே தெசலோனிக்கியில் ஆற்றிய உரை இன்னொரு கதவைத் திறந்தது. இயற்கை எல்லையற்றது என்ற எண்ணத்தை அன்றாட ஆங்கிலத்தின் இலக்கணமே தாங்கி நிற்கிறது என்று அவர் வாதிட்டார். சூழல் மொழியியல் என்ற துறை அதிலிருந்து பெருமளவு வலுப்பெற்றது. ஆறு மாசடைந்தது என்று ஒரு செய்தி சொன்னால், மாசுபடுத்தியவர் யார் என்று கேட்கும் வாசகரை உருவாக்குவதும் ஆங்கில ஆசிரியரின் வேலையாயிற்று.

இந்த வகை வாசிப்புக்கு உரிய பனுவல் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆங்கிலத்தில் அளித்த தீர்ப்பு, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் நீர் தேவை, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டது, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என எண்கள் நிறைந்தது. 467 கிணறுகளில் 350 மாசடைந்தன என்ற வரியும் அதில் உண்டு. ஆனால் அது பாலாற்றுக் கணக்கல்ல. திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் எடுத்த கணக்கு. அவசரக் கண் அதைத் தவறவிடும். நிதானமாகப் படிப்பவர் பிடித்துக்கொள்வார். வாணியம்பாடி, ஆம்பூர் மாணவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தை எளிமையாக்கித் தந்தால் போதும்.

அடுத்த முறை பாடநூல் திருத்தப்படும்போது இத்தகைய உள்ளூர் ஆவணம் வகுப்புக்கு ஒன்றாவது இடம்பெற வேண்டும். அதோடு, அதே பொருளில் மாணவர் முன்பு பார்த்திராத பத்தி ஒன்றைப் பொதுத்தேர்வில் கேட்க வேண்டும். பாடநூல் குழுவில் இருப்பவர்களிடமும் வினாத்தாள் அமைப்பவர்களிடமும் வைக்கும் வேண்டுகோள் இது.