உயிரெழுத்து இல்லாத ஒரு பெயர்

மூன்றே எழுத்து, மூன்றும் மெய். ஒரு மரபணுக் குடியும் அதன் புரதங்களும் தாங்கும், வ், ண், ட் என அடுத்தடுத்து நிற்கும் அந்த ஆங்கிலப் பெயரில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் அதை வாய்விட்டுச் சொல்வோர் நடுவில் ஓர் இகரத்தை ஏற்றி 'விண்ட்' என்கிறார்கள். உயிரின்றி மெய் இயங்காது என்பதைத் தமிழ் பயின்ற நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அல்லவா?

அந்த இகரம் பெயருக்குப் புதிதும் அன்று. எலிக்கு மார்பகப் புற்று தரும் ஒரு நச்சுயிரி தன் மரபுப்பொருளை எலியின் மரபிழையில் எங்கே செருகுகிறது என்று தேடிய ரூல் நுஸ்ஸேயும் ஹரால்டு வார்மஸும் 1982-இல் ஓரிடத்தைக் கண்டு 'இண்ட்-1' என்றார்கள். செருகலைக் குறிக்கும் 'இண்டெக்ரேஷன்' என்னும் சொல்லின் தலை அது. அதன் இலத்தீன் மூலமாகிய 'இண்டெகெர்', எதிர்மறை காட்டும் 'இன்' என்பதும் தொடுதலைக் குறிக்கும் வேரும் கூடிப் பிறந்தது: தொடப்படாதது, ஆகவே குறைபடாதது, ஆகவே முழுமையானது, முழுமையோடு இணைப்பது என்னும் பொருள் பிறகு கிளைத்தது. நச்சுயிரி தொட்ட இடத்துக்குத் தொடாமையின் வேரிலிருந்து பெயர் வாய்த்திருக்கிறது! இதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

முதலில் நிற்கும் வகரம் ஈ தந்தது. சிறகு முளைக்காத பழ ஈயை 1973-இல் ஆர். பி. சர்மா விவரித்தபோது அதன் பெயர் 'விங்லெஸ்'. நம் வழக்கில் சிறகிலி. 'விங்' வடபுல நார்சு மக்களிடமிருந்து ஆங்கிலம் பெற்ற கடன். ஈயின் சிறகிலியும் எலியின் இண்ட்-1-உம் ஒரே மூதாதையின் வழிவந்த ஒரே மரபணு என்பது 1987-இல் தெரிந்தது. ஆனால் 'இண்ட்' இடப்பெயரே தவிரக் குடிப்பெயர் அன்று. அதே நச்சுயிரி செருகிய மற்றோர் இடமாகிய இண்ட்-2, உறவே இல்லாத வேறொரு வளர்ச்சிக் காரணி. குழப்பம் தீர 1991-இல் சிறகிலியின் முதலெழுத்தையும் இண்ட்டின் கடையிரு மெய்களையும் சேர்த்துக் குடிப்பெயர் அமைத்தார்கள். இகரம் விழுந்தது அங்கேதான். எலியில் இக்குடியினர் 19 பேர்.

அவர்களுள் எலியின் விண்ட்3ஏ புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. கொழுப்பு ஒட்டிய உடம்பு அதற்கு, நீரில் எளிதில் தங்காது. மரபணுவை வளர்ப்பணுக்களில் புகுத்தி ஆக்கப்படும் அதன் மறுசேர்க்கை வடிவம் இன்று குடற் குருத்தணுக்களைப் பெருகிக்கொண்டே இருக்கச் செய்கிறது. வேறு சூழலில் அணுக்களைத் தத்தம் தொழிலுக்கு உருமாறவும் தூண்டுகிறது.

இனி நம் நாவுக்கு வருவோம். டகர மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் ஏற்காது. குற்றியலுகரம் கூட, 'விண்டு' ஆகிறது. கொள் கொண்டு ஆவதுபோல் விள் விண்டு ஆகும்; விள்ளுதல் பிளத்தல், மலர்தல், மனம் திறந்து சொல்லுதல். வேருறவு ஏதுமில்லை, ஒலியொப்புமை மட்டுமே என்பதை நன்கறிவேன். எனினும் ஓர் உயிரணு இரண்டாக விள்ளச் சொல்லும் புரதத்தின் பெயரை எழுதும்போதெல்லாம் நான் அந்த உகரத்தைச் சேர்த்தே எழுதுகிறேன்.