புகார்ப் படிவமும் புத்தக அலமாரியும்: ஐலண்ட் ட்ரீஸ் வழக்கை முன்வைத்து

தணிக்கை என்றதும் நமக்குப் பொதுவாக நினைவுக்கு வருவது எரிக்கப்படும் புத்தகம், சிறையில் அடைக்கப்படும் எழுத்தாளன், அரசு முத்திரை குத்திய தடை உத்தரவு. இவை கண்ணுக்குத் தெரிகிற தணிக்கைகள். எதிர்த்துக் கூட்டம் போடலாம், துண்டறிக்கை அடிக்கலாம். பள்ளி நூலகத்தில் நடப்பது வேறு மாதிரியானது. ஒருவர் வந்து 'இந்தப் புத்தகம் பிள்ளைங்களுக்கு ஆகாது' என்கிறார். மறுநாள் அலமாரியில் அது இல்லை. அவ்வளவுதான். யார் எடுத்தது, ஏன் எடுத்தது, படித்துவிட்டுத்தான் எடுத்தார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்த மௌனமான அதிகாரத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஐலண்ட் ட்ரீஸ் வழக்கை மறுவாசிப்பு செய்வது உதவும் என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலும் 'கருத்துரிமையின் வெற்றி' என்றே அது சொல்லப்பட்டு வருகிறது. நான் அதை நடைமுறை பற்றிய வழக்காகவே வாசிக்கிறேன். புகார் வந்த பிறகு என்ன செய்வது, யார் செய்வது என்பதுதான் அதன் மையம்.

1

ஐலண்ட் ட்ரீஸ், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியிலுள்ள ஒரு பள்ளி மாவட்டம். 1975 செப்டம்பரில் அதன் கல்வி வாரிய உறுப்பினர் மூவர், பழமைவாதப் பெற்றோர் அமைப்பொன்று நடத்திய மாநாட்டுக்குப் போய், 'ஆட்சேபகரமான' நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். நவம்பரில் நூலக அட்டவணையில் தேடியபோது பட்டியலிலிருந்த ஒன்பது நூல்கள் உயர்நிலைப் பள்ளியில் அகப்பட்டன. இளநிலைப் பள்ளி நூலகத்தில் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இன்னொன்று. ஆக 11 நூல்கள். 1976 பிப்ரவரியில் இவற்றை எடுத்து வாரிய அலுவலகத்துக்கு அனுப்புமாறு 'அதிகாரபூர்வமற்ற' உத்தரவு போயிற்று. விஷயம் வெளியே தெரிந்ததும் வாரியம் பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. அமெரிக்க விரோதம், கிறிஸ்தவ விரோதம், யூத விரோதம், வெறும் ஆபாசம் என்பவை குற்றச்சாட்டுகள்.

பட்டியலைப் பாருங்கள். ரிச்சர்ட் ரைட், எல்ட்ரிட்ஜ் கிளீவர், ஆலிஸ் சைல்ட்ரெஸ் ஆகியோரின் நூல்கள், லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகள், நியூயார்க்கின் ஸ்பானிய ஹார்லெமில் வளர்ந்த பிரி தாமஸின் தன்வரலாறு. கூடவே கர்ட் வானகட், டெஸ்மண்ட் மாரிஸ். யூத விரோதம் என்று குற்றம் சாட்டிய வாரியம் அகற்றிய நூல்களில், ஜாரின் ரஷ்யாவில் பொய்க் கொலைப்பழி சுமத்தப்பட்ட ஒரு யூதனைப் பற்றி பெர்னார்ட் மாலமட் என்ற யூத எழுத்தாளர் எழுதி, 1967இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவலும் இருந்தது. அமெரிக்க விரோதத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டபோது வாரியத்தினர் காட்டியது சைல்ட்ரெஸின் நாவலை. ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர் என்று அதில் ஓரிடத்தில் வருகிறதாம். வரலாற்று உண்மையையே தேசவிரோதமாக மாற்றுகிற இந்த ரசவாதத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. 'ஆபாசம்' என்ற சொல் எத்தனை வேறு அச்சங்களுக்குப் போர்வையாகிறது என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

2

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பாத்திரம் அப்பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர். வாரியத்தின் கீழ் வேலை பார்த்த அவர் எழுத்து மூலமாகவே ஆட்சேபித்தார். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார், அவர்களுடைய அளவுகோல் என்ன என்பதே நமக்குத் தெரியாது. இம்மாதிரிப் பிரச்சினைகளுக்கென்றே நம்மிடம் ஒரு நடைமுறை இருக்கிறது, அதன்படி குழு அமைத்துப் பரிசீலிக்கலாமே என்பது அவர் வாதம். புத்தகங்களை முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் வாரியம் குழு அமைத்தது. பெற்றோர் நால்வர், பள்ளியைச் சார்ந்தவர் நால்வர். ஐந்து நூல்கள் இருக்கட்டும், இரண்டை எடுத்துவிடலாம் என்றது குழு. மற்றவற்றில் ஒன்றைப் பெற்றோர் சம்மதத்தோடு தரலாம், எஞ்சியவற்றில் ஒருமித்த முடிவில்லை. வாரியம் இதையும் ஏற்கவில்லை. ஒரே ஒரு நூல் தடையின்றித் திரும்பியது. ரைட்டின் தன்வரலாறு பெற்றோர் சம்மதத்தோடு மட்டும் என்றாயிற்று. ஒன்பது நூல்கள் போயே போயின. காரணம் எதையும் வாரியம் சொல்லவில்லை.

1977 ஜனவரியில் ஸ்டீவன் பிகோவும் வேறு நான்கு மாணவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1982 ஜூன் 25 அன்று உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து தீர்ப்பளித்தது. வழக்கு முழு விசாரணைக்குப் போக வேண்டும் என்பதுதான் முடிவு. நூலிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பள்ளி நூலகத்திலிருந்து அகற்றக் கூடாது என்ற பிரென்னனின் கருத்துரைக்கு நீதிமன்றப் பெரும்பான்மையே கிடையாது. ஐந்தாவது நீதிபதியான வைட், முதலில் விசாரணை நடக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1982 ஆகஸ்டில் வாரியம் புத்தகங்களைத் திருப்பி வைத்தது, பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆக, வெற்றி என்று கொண்டாடப்படுவது இவ்வளவு மெலிந்த ஒன்று. ஆனால் பிரென்னனின் உரையில் ஓர் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே நிறுவப்பட்ட, ஒழுங்கான, வெளிப்படையான சார்பற்ற நடைமுறைப்படி வாரியம் இந்நூல்களைப் பரிசீலித்திருந்தால் இது வேறொரு வழக்காக இருந்திருக்கும் என்கிறார் அவர். உள்நோக்கம் மனதுக்குள் இருப்பது. அதை யாரும் நேரடியாகப் பார்க்க முடியாது. நடைமுறையை மீறிய இடத்தில் அது தடம் பதித்துவிடுகிறது.

மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பவல், இந்நூல்களிலிருந்து வெட்டியெடுத்த 'மோசமான' பத்திகளைப் பிற்சேர்க்கையாக இணைத்தார். இதுவும் ஒரு வாசிப்பு முறைதான். பிரதியைத் துண்டாக்கி, துண்டைக் குற்றவாளியாக்குவது. எந்தப் பெரிய நூலையும் இப்படிக் கழுவிலேற்றலாம்.

3

இதற்கு எதிரான வாசிப்பு முறையைக் கொண்டிருந்தது, விநோதமாக, ஒரு விண்ணப்பப் படிவம். ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அவை 1962இல் மாணவரின் வாசிப்புரிமை பற்றி வெளியிட்ட அறிக்கையோடு புகார் தருவோருக்கான படிவம் ஒன்றையும் முன்வைத்தது. முழுதும் படித்தீர்களா? இந்நூலின் மையக்கருத்து என்ன என்று நினைக்கிறீர்கள்? எந்தப் பகுதியை ஆட்சேபிக்கிறீர்கள்? இதற்குப் பதிலாக எதைப் பரிந்துரைப்பீர்கள்? இந்த ரீதியில் போகும் கேள்விகள். 'இதுக்கெல்லாம் ஒரு ஃபாரமா?' என்று சிரிக்கலாம். ஆனால் புகார்காரரைப் படிவம் விரட்டவில்லை. அவரை வாசகராகும்படி கேட்கிறது. தன் குழந்தை என்ன படிக்கிறது என்று கேட்க ஒரு தாய்க்கு எல்லா உரிமையும் உண்டு. புகார் கொடுப்பதே தணிக்கை என்று நம் தோழர்கள் சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. படிக்காமல், பெயர் சொல்லாமல், பிறர் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒருவர் முடிவெடுக்கும்போதுதான் அது தணிக்கையாகிறது.

நூலகர்கள் வலியுறுத்தி வந்த இன்னொரு விதி: பரிசீலனை முடியும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும். பார்க்கச் சின்ன விதி. குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்பதைப் புத்தகத்துக்கும் பொருத்துகிறது. 2023இல் ஃபுளோரிடா இதைத் தலைகீழாக்கியது. பாலியல் நடத்தையைச் சித்திரிக்கிறது என்று பெற்றோரோ அம்மாவட்டவாசியோ ஆட்சேபித்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் நூலை எடுத்துவிட வேண்டும். முடிவு வரும்வரை அது திரும்பாது என்று சட்டம் வந்தது. அதே படிவம், அதே குழு. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் எங்கே என்பது மாறிவிட்டது. ஓராண்டு இழுத்தடித்தால் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்நூல் இல்லை. அதான் விஷயம்.

ஆகவே நடைமுறையைப் புனிதப்படுத்திவிடவும் முடியாது. அதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் பொது, பள்ளி நூலகர்களை நேர்கண்டு மார்ஜரி ஃபிஸ்க் எழுதிய ஆய்வு 1959இல் வெளிவந்தது. நூல் தேர்வில் பங்குள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், சர்ச்சைக்குரியது என்பதால் ஒரு நூலை வாங்காமல் விட்ட அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். புகார் வரவே இல்லை. வரக்கூடும் என்ற பயமே வேலையை முடித்துவிட்டது. வாங்கப்படாத நூலுக்குப் படிவம் இல்லை, குழு இல்லை, வழக்கும் இல்லை. அதிகாரம் மிக வெற்றிகரமாக இயங்குவது, அதன் ஆணையை நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும்போதுதான்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பியிருப்பதிலும் பயனில்லை. டெக்சாஸின் லானோ கவுண்டிப் பொது நூலகங்களிலிருந்து 17 நூல்கள் அகற்றப்பட்ட வழக்கில், 2025 மே மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, தகவல் பெறும் உரிமையின் பேரில் வாசகர்கள் அதை எதிர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஐலண்ட் ட்ரீஸ் தந்த மெலிந்த பாதுகாப்பு அவ்வட்டாரத்தில் அநேகமாகக் கரைந்துவிட்டது எனலாம்.

எஞ்சியிருப்பது, புகார் வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட விதியும், அதை மேலதிகாரிக்கு முன் எடுத்துக்காட்டும் துணிவுள்ள ஓர் ஊழியரும்தான். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. ஐலண்ட் ட்ரீஸில் விதி இருந்தது, கண்காணிப்பாளரும் வாய் திறந்தார். அதனால் புத்தகம் உடனே திரும்பிவிடவில்லைதான். ஆனால் அவர் எழுதி வைத்த ஆட்சேபணை, ஆறாண்டுகள் கழித்து வாரியத்துக்கு எதிரான சாட்சியமாகத் தீர்ப்பில் இடம்பெற்றது. எழுத்தாளர்களும் இயக்கத்தவர்களும் தடை வந்த பிறகு கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். அதற்கு முன்பே ஒரு நூலகத்துக்குள் போய், 'இங்க புகார் வந்தா என்ன செய்வீங்க, அதுவரைக்கும் புத்தகம் எங்க இருக்கும்?' என்று கேட்டு வைப்பதும் அரசியல் செயல்பாடுதான்.